சாம்பல் ராணி திறந்து போட்ட கதவு

அந்த ராணியை அப்படி எடுத்த எடுப்புலயே கெட்டவள்னு முத்திரை குத்திட முடியாது அண்ணி. முடியும்னா நாங்க எதுக்கு ரெண்டு வருஷமா இந்த மேசையைச் சுத்தி உக்காந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கோம்? நீங்க போன்ல ஒரே மூச்சுல தீர்ப்பு சொல்லி முடிச்சிட்டீங்க. ஐயோ, குறை சொல்லல. முதல்ல உக்காருங்க. பையைக் கீழ வைங்க. அந்த நாற்காலி வேணாம், அது கால் ஆடும். நீங்க இருந்தப்பவே ஆடினதுதானே, மறந்துட்டீங்களா? இப்படி வாங்க.

சிட்டு உள்ளதான் இருக்கா. வருவா. இப்பல்லாம் ரூம் கதவைச் சாத்திக்கிறது அவ வழக்கம், பதினாலு வயசாகுதுல்ல. காதுல பாட்டை மாட்டிக்கிட்டு பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருப்பா, இங்க இடியே விழுந்தாலும் கேக்காது. தட்ட வேணாம் அண்ணி. அத்தை, அம்மா வந்ததும் நடந்ததையெல்லாம் நீங்களே சொல்லிடுங்க, சொல்லி முடிச்சிட்டு என்னைக் கூப்பிடுங்கன்னு எங்கிட்ட சொல்லி வச்சிருக்கா. அதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

என்ன நடந்ததா? விளையாட்டுலதான். பயந்துடாதீங்க.

டீ எடுத்துக்குங்க. உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. சிட்டுகிட்டக் கேட்டேன், அவளுக்கும் தெரியல. சும்மா ஒரு ஸ்பூன் போட்டிருக்கேன். முகம் நல்லா தெளிஞ்சிருக்கு உங்களுக்கு. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கீங்க. எங்க அண்ணன் இருந்தவரைக்கும்... வேணாம், போன மனுஷனைப் பத்தி இப்ப எதுக்கு. அந்தப் பல்லு எப்படியிருக்கு? முன்பல்லு, நான் செஞ்சு குடுத்த கேப்பு. ஆட்டம் கீட்டம் இல்லையே? லேப்ல எத்தனையோ பேருக்குச் செய்றேன், உங்களுக்குச் செஞ்ச மாதிரி யாருக்கும் அமையல. சிரிங்க பாப்போம். சரி, வேணாம் விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், விளையாட்டு. நீங்க போனப்புறம் சிட்டு ரொம்ப நாள் வாயே திறக்கல அண்ணி. பள்ளிக்கூடம் போவா, வருவா, வாசக்கதவைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பா. அண்ணன் ஒரு பக்கம் உம்முனு கிடப்பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சு. எங்க லேபுக்குப் பக்கத்துல மருந்துக்கடை வச்சிருக்கிறவரும், அந்தக் கட்டடத்துக்கு வர்ற லிஃப்டு மெக்கானிக்கும் லீவு நாள்ல ராஜா, பூதம், மந்திரவாதின்னு ஒரு கதை விளையாட்டு ஆடுவாங்க. வளர்ந்த ஆம்பளைங்க அண்ணி, ஒருத்தருக்கு நரைச்சே போச்சு. எனக்கு முதல்ல சிரிப்பு தாங்கல. அப்புறம் பார்த்தா இந்தப் பொண்ணை வாய் திறக்க வைக்க இதைவிட நல்ல வழி இல்லன்னு தோணுச்சு. ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை இங்க வரச் சொல்லிட்டேன்.

ஆளுக்கொரு பாத்திரம். மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. மெக்கானிக் ஒரு கிழட்டுப் போர்வீரன். சிட்டு வாசல்காரி, கோட்டையோட சாவி அவ இடுப்புல. நான் கதை நடத்துறவ. மலை எங்க இருக்கு, மழை எப்ப வரும், யாரு நல்லவன், யாரு துரோகி, எல்லாம் என் இஷ்டம். அந்த வேலை எனக்கு அம்சமா பொருந்திருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் சொல்லுவீங்க, தெரியும்.

பொம்மையெல்லாம் நான் செஞ்சதுதான். பல் அச்சுக்குக் கலக்குற பிளாஸ்டர் லேப்ல மீந்து போகும், அதுல செதுக்குவேன், சிட்டு பெயிண்ட் அடிப்பா. இந்தாங்க, இதுதான் சாம்பல் ராணி. கையில வாங்கிப் பாருங்க, உடையாது. வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி பண்ணியிருக்கேன். கண்ணாடி இருந்தா போட்டுக்குங்க. ஒரு பல்லு மட்டும் மத்ததைவிடக் கொஞ்சம் வெள்ளையா இருக்கா? அது சிட்டு அடிச்சதில்ல, நான் அடிச்சது. சரி, கீழ வைங்க.

இந்த ராணி எங்க கதையில முக்கியமான வில்லி. கதை இதுதான். ஏழு கதவு இருக்கிற ஒரு கோட்டை. வெளிய எதிரி. உள்ள ராஜா, பிள்ளைங்க, ஜனங்க. ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி ராணி எழுந்திரிச்சு, வடக்குக் கதவைத் திறந்து, நடந்து வெளிய போயிட்டா. போனவ கதவைச் சாத்தல. திறந்த கதவு வழியா எதிரி உள்ள பூந்தான், கோட்டை சாம்பலாச்சு, அதுலேர்ந்து அவளுக்குச் சாம்பல் ராணின்னு பேரு. இவ்வளவுதான் நான் முதல் நாள் சொன்னது. ஏன் போனா, கதவை ஏன் திறந்து போட்டா, அதை நான் சொல்லல. அதுலதான் சண்டையே.

ஏன் சண்டைன்னா, எங்க மேசையில ஒரு சட்டம் இருக்கு. இந்தச் சிவப்புப் பகடை பாருங்க, இருபது முகம். இது இந்த மேசைத் துணி மேல இருக்கிறப்ப யாரு என்ன சொன்னாலும், அடுத்தவங்க மறுக்காம விட்டா அது நடந்ததுதான். மேசை வார்த்தைன்னு பேரு வச்சிருக்கோம். மறுத்தா, பகடையை உருட்டணும். நான் வைக்கிற நம்பரை எட்டினா நீங்க சொன்னது நிஜம். எட்டலன்னா அது நடக்கவே இல்ல. அப்புறம் யாரும் அழுது புரண்டாலும் மாத்த முடியாது, நானே மாத்த முடியாது. மேசையில சொன்னது நடந்தது, மேசையில சொல்லாதது நடக்காதது. வாழ்க்கையைவிட எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க.

மருந்துக்கடைக்காரர் என்ன சொல்றாரு, கிரீடத்துக்கு ஆசைப்பட்டாங்கிறாரு. எதிரித் தளபதி ஆள் விட்டிருப்பான், இவ மயங்கியிருப்பா, வேற என்ன? அவரு எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை குடுக்கிற ஆளு. மெக்கானிக் வேற மாதிரி. அவ சாத்திட்டுத்தான் போயிருப்பா, கீல் தேஞ்சிருக்கும், சாத்துற கதவு தானா திறந்துக்கும், எத்தனை லிஃப்டுல பார்த்திருக்கேங்கிறாரு. ராணியைப் பிடிங்கடான்னா இவரு கதவுக்கு எண்ணெய் போடக் கிளம்பிருவாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்.

சிட்டு? அவ ராணி கட்சி. முதல் நாள்லேர்ந்தே.

ஆமா அண்ணி, ராணி கட்சிதான். என்ன அப்படிப் பாக்குறீங்க? வாரம் ஒரு காரணம் கொண்டு வருவா. ராணிக்குக் காய்ச்சல், வைத்தியரைத் தேடிப் போனாம்பா. அடுத்த வாரம், யாரோ மிரட்டினாங்க, நீ போகலன்னா பிள்ளைங்களைக் கொன்னுடுவோம்னாங்க, அதனால போனாம்பா. பள்ளிக்கூடத்துல பாடம் படிச்சாளோ இல்லையோ, இதைப் படிச்சிக்கிட்டு வந்து நிப்பா. ஒரு தரம் சொன்னா பாருங்க, மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சிட்டாரு. ராணி தனக்காகக் கதவைத் திறந்து போடலையாம். அவ முன்னாடி போய் வழி பார்த்தாளாம். பிள்ளைங்க பின்னாடியே வரட்டும்னுதான் திறந்து வச்சிட்டுப் போனாளாம். பிள்ளைங்கதான் தூங்கிட்டாங்களாம்.

டீ ஆறுது அண்ணி.

நான் என்ன பண்ணினேனா? மறுத்தேன். உருட்டுடின்னேன். கதையில ஒரு நியாயம் வேணும்ல, அழுகை வந்துருச்சுங்கிறதுக்காக விட்டுட முடியுமா? நம்பர் வைக்கிறது நான்தானே. மெக்கானிக் கீலுக்குப் பத்து வச்சேன். சிட்டுவோட காரணத்துக்கு எப்பவுமே பதினெட்டு. பாவம், ரெண்டு கையிலயும் பகடையை மூடி, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்து ஊதிப் போடுவா. ஏழு விழும், பன்னெண்டு விழும். காய்ச்சல் நடக்காதது ஆயிடும். மிரட்டல் நடக்காதது ஆயிடும். அந்த வழி பார்த்த கதைக்குப் பதினேழு விழுந்துச்சு. ஒண்ணு கம்மி. மருந்துக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. விட்டுக் குடுங்களேன்னாரு. சட்டம்னா சட்டம்னுட்டேன்.

கல் நெஞ்சா? இருக்கலாம். நீங்க சொல்லி நான் கேக்கணும்னு இருக்கு பாருங்க.

இல்ல, கோவப்படல. கேளுங்க. அண்ணன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுச் சாய்ஞ்சதும், நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ண ஆரம்பிச்சீங்க. அவரு உசுரோட இருந்தவரைக்கும் ஒரு போன் கிடையாது. போனதும் மகள் ஞாபகம் வந்துருச்சு. சரியா விளையாட்டு நடக்கிற நேரத்துல போன் வரும். இவ பகடையைக் கையிலயே வச்சிக்கிட்டு எழுந்து போய்ப் பேசுவா. திரும்பி வர்றப்ப முகத்தைப் பாக்கணுமே. பல்பு போட்ட மாதிரி. நான் அவளுக்குத் தலை வாரி, காய்ச்சல்னா கண் முழிச்சு, பெரியவளானப்ப உக்கார வச்சு எல்லாம் சொல்லிக் குடுத்து... என் முகத்தைப் பார்த்து அந்த பல்பு ஒரு நாள் எரியல அண்ணி. சொல்றதுக்கு என்ன வெக்கம்? எனக்கு வயிறு எரிஞ்சுது.

அப்புறம் போன மாசம் நீங்க, வந்து கூட்டிக்கிட்டுப் போறேன், கட்டாயப்படுத்த மாட்டேன், அவ வரேன்னு சொன்னா மட்டும்தான்னு சொன்னீங்க. நியாயமான பேச்சு. இவ அன்னிக்கே அலமாரியிலேர்ந்து பையை இறக்கிட்டா. துணியெல்லாம் மடிச்சு வச்சிட்டா. இந்தப் பொம்மைங்களை எப்படிப் பொட்டலம் கட்டினா உடையாதுன்னு எங்கிட்டயே வந்து கேக்குறா. எங்கிட்டயே.

அந்தச் சமயத்துலதான் ராணி கதை முடிவுக்கு வந்துச்சு. தற்செயல்னு வச்சுக்குங்க. ராணி இத்தனை வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து, புதுசாக் கட்டின கோட்டையோட கதவைத் தட்டுறா. உள்ள விடலாமா, கூடாதா? விடக்கூடாதுன்னா அதோட சரி, கதவு சாத்தினது சாத்தினதுதான், அப்புறம் அவ கதையிலயே வர மாட்டா. மருந்துக்கடைக்காரர் கூடாதுன்னாரு. மெக்கானிக், கிழவி ஆயிட்டா, விடுங்கப்பான்னாரு. மிச்சம் இருக்கிறது வாசல்காரி, அவ கையிலதான் சாவி. அவ என்ன சொல்லுவான்னு பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும். சாவியை எடுத்துட்டேன்னு சொல்ல வாயைத் திறக்கிறா, போன் அடிக்குது. நீங்க.

நான்தான் சொன்னேன், எழுந்து போகாதடி, ஸ்பீக்கர்ல போடு, அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேப்போம்னு. அவளுக்கு ஒரே குஷி. போனை எடுத்துப் பகடைக்குப் பக்கத்துல வச்சா. நான் குனிஞ்சு கேட்டேன், ஞாபகம் இருக்கா? அண்ணி, ஒரு ராணி, கட்டின புருஷனையும் பெத்த பிள்ளைங்களையும் விட்டுட்டு, கதவைத் திறந்து போட்டுட்டுப் போனவ, இப்ப திரும்பி வந்து நிக்கிறா, அவ பக்கம் ஏதாவது நியாயம் இருக்குமா, உள்ள விடலாமான்னு கேட்டேன்.

நீங்க சொன்னதை அப்படியே சொல்லட்டுமா? நியாயமா, அவளுக்கென்ன நியாயம் இருக்கப் போகுது, பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போறவளுக்கு ஆயிரம் காரணம் சொன்னாலும் அத்தனையும் சாக்குதான், அவளையெல்லாம் வாசப்படி ஏத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. சொல்லிட்டு, சரியாடி செல்லம்னு கேட்டுச் சிரிச்சீங்க.

ஆமா, நான்தான் மெசேஜ் போட்டேன். இல்லன்னு சொல்லலையே. எங்க விளையாட்டுல ஒரு ராணி வருவா, சிட்டுக்கு அவளைக் கண்டாலே ஆகாது, பேச்சு வந்தா நீங்களும் ராணியைத் திட்டுங்க, உங்ககிட்ட ஒட்டிக்குவான்னு முந்தின நாளே போட்டேன். நீங்களும், ரொம்ப நன்றிம்மா, உன்னை மாதிரி யாரு இருக்கான்னு பதில் போட்டீங்க. பொய்தான் அண்ணி, நான் போட்டது. ஆனா வாய் உங்களோடதுதானே? மகளுக்குப் பிடிக்கணுமேன்னு ஒருத்தியை என்ன ஏதுன்னு விசாரிக்காம அந்தப் பேச்சு பேசினீங்களே, அதை நானா எழுதிக் குடுத்தேன்?

மருந்துக்கடைக்காரர்தான் முதல்ல வாயைத் திறந்தாரு. போன்ல பேசுறவங்க விளையாட்டுலயே இல்ல, அவங்க சொன்னது மேசை வார்த்தை ஆகாதுன்னாரு. வாசல்காரியே சொல்லட்டும்னேன். சிட்டு பகடையையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் நிமிர்ந்து, ஆகும் அங்கிள், அவங்களைவிட யாருக்குத் தெரியப் போகுதுன்னா. சொல்லிட்டு, கதவைச் சாத்துறேன்னா. அவ்வளவுதான். ராணி பொம்மையை எடுத்து மேசைக்கு வெளிய வச்சிட்டு உள்ள போனவ, பையிலேர்ந்து துணியெல்லாம் எடுத்து மறுபடியும் அலமாரியில அடுக்கிட்டா.

அவங்களைவிட யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஏன் சொன்னான்னு இன்னுமா விளங்கல உங்களுக்கு?

நீங்க போன அன்னிக்கு அவ பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தப்ப இந்த வாசக்கதவு ஆன்னு திறந்து கிடந்துச்சு அண்ணி. நீங்க சாத்திட்டுக்கூடப் போகல. அதைத்தான் நான் கதையில வச்சேன். முதல் நாளே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு, ராணி யாருன்னு. தெரிஞ்சுதான் ரெண்டு வருஷமா உங்களுக்காக வாதாடிக்கிட்டிருந்தா. நானும் தெரிஞ்சுதான் பதினெட்டு வச்சேன். ஏதோ காரணம் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்களேன்னு போன்ல ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா போதும், இந்நேரம் பையோட வாசல்ல நின்னிருப்பா. கதவைத் திறந்து வச்சிக்கிட்டு.

உக்காருங்க. எழுந்திரிச்சு என்ன பண்ணப் போறீங்க? காரணம் இருந்துச்சு, அதானே? எனக்குத் தெரியாதா? படியில விழுந்துட்டேன், பல்லு போயிருச்சுன்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு என் லேபுக்கு வந்து நின்னீங்களே. பல்லு செய்றவகிட்ட வந்து படியில விழுந்த கதை. படியில விழுந்தா பல்லு அந்த மாதிரி சாய்வா உடையாது. உதட்டு மேல மோதிரம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. நாலு மூலை, நடுவுல கல்லு. அண்ணன் செத்தன்னிக்கு அந்த மோதிரத்தை அவரு விரல்லேர்ந்து சோப்பு போட்டுக் கழட்டினது நான்தான். நீங்க ஏன் போனீங்கன்னு இந்த உலகத்துல ஒருத்தருக்குத் தெரியும்னா அது எனக்குத்தான்.

போங்க, தாராளமா உள்ள போய்ச் சொல்லுங்க. தடுக்கலையே. ஆனா அவ அப்பா மேல உசுரையே வச்சிருந்தா. அந்த ஆளு போய் ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. நீங்க இப்ப போய், செத்த மனுஷன் என்னை அடிச்சாருன்னு சொன்னா அவளுக்கு எப்படிக் கேக்கும்? ஆயிரம் காரணம் சொன்னாலும் சாக்குதான்னு அவ காதுல விழுந்தது யாரு குரல்? எனக்கும் அவளை விட்டா யாரு இருக்கா அண்ணி? நீங்க இன்னொரு வாழ்க்கையைத் தேடிக்கிட்டீங்க. எனக்கு இந்த வீடு, பிளாஸ்டர், அந்த ஒரு பொண்ணு.

அழாதீங்க. கேப்பு நல்ல கேப்புதான், இருந்தாலும் பல்லைக் கடிச்சு அழுதா விட்டுரும்.

அவளாவே ஒரு தரம் கேட்டா தெரியுமா, அந்தப் பல்லைப் பத்தி? பொம்மையைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அத்தை, ராணிக்கு இந்த ஒரு பல்லு மட்டும் ஏன் இப்படி இருக்கு, யாராச்சும் அடிச்சாங்களான்னு கேட்டா. கெட்டிக்காரி, கிட்டத்தட்டப் பிடிச்சிட்டா. மருந்துக்கடைக்காரர் இருந்தாரு, மெக்கானிக் இருந்தாரு, சிவப்புப் பகடை துணி மேலதான் இருந்துச்சு. இல்லடி, அவ பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்னு சொன்னேன். யாரும் மறுக்கல.

இருங்க, கூப்பிடுறேன். சிட்டு! அம்மாகிட்ட சொல்லி முடிச்சிட்டேன், வாம்மா.